வாழ்க்கைக் கணக்கை வாசிப்பது எப்படி?

5ஆம் வகுப்பில் படிக்கும் மகளும் 8ஆம் வகுப்பில் படிக்கும் மகனும் சைனிக் பள்ளி (படை அதிகாரிகளாக வரப் பிள்ளைகளைத் தயார் செய்யும் உறைவிடப் பள்ளி) நுழைவுத் தேர்வு எழுதவிருக்கும் ஒரு தாயார் கேட்டிருக்கிறார்: "பெருக்கல், வகுத்தல், பின்னம் எல்லாவற்றையும் தனித்தனியாகக் கொடுத்தால் இருவரும் பிழையில்லாமல் செய்கிறார்கள். அதையே வாழ்க்கைக் கணக்காகக் கொடுத்தால் கூட்டுவதா கழிப்பதா என்று என்னிடமே திருப்பிக் கேட்கிறார்கள். இதை எப்படிச் சரி செய்வது?"

கவலைப்படுவதற்குக் காரணம் இருக்கிறது என்பதை முதலில் ஒப்புக்கொள்கிறேன். உடுமலைப்பேட்டையை அடுத்த அமராவதிநகர் உள்ளிட்ட சைனிக் பள்ளிகளுக்கான அகில இந்திய நுழைவுத் தேர்வில், 6ஆம் வகுப்புச் சேர்க்கைக்கு மொத்தம் 300 மதிப்பெண்களில் 150 மதிப்பெண்கள் கணிதத்துக்கு உரியவை. 50 வினாக்கள், வினாவுக்கு 3 மதிப்பெண்கள். 9ஆம் வகுப்புச் சேர்க்கைக்கும் 400இல் 200 கணிதத்துக்கே போகிறது. அதாவது பாதித் தேர்வு கணிதம். அந்தப் பாதியில் பல வினாக்கள் நேரடிக் கணக்குகளாக இராமல், ஒரு நிலைமையைச் சொல்லிக் கேட்கப்படும் கணக்குகளாக இருக்கும்.

உங்கள் பிள்ளைகள் கேட்கும் கேள்வியிலேயே நோயின் குறி தெரிகிறது. கூட்டுவதா கழிப்பதா என்று கேட்கும் பிள்ளை கணக்கை இன்னும் படிக்கவில்லை. எண்களை மட்டும் பொறுக்கி எடுத்துக்கொண்டு, அவற்றை என்ன செய்வது என்ற உத்தரவுக்குக் காத்திருக்கிறது. இந்தப் பழக்கத்துக்குப் பிள்ளைகளைக் குறை சொல்வதில் பயனில்லை. "அதிகம் என்று வந்தால் கூட்டு, மீதி என்று வந்தால் கழி, மொத்தம் என்று வந்தால் பெருக்கு" என்று ஒரு பட்டியலை மனப்பாடம் செய்ய வைப்பது பல வகுப்பறைகளிலும் பயிற்சி மையங்களிலும் இன்றும் நடக்கிறது. நானும் தொடக்கத்தில் சில ஆண்டுகள் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தேன். அந்தப் பட்டியல் எளிய கணக்குகளில் பலித்துவிடுவதால்தான் அது ஆபத்தானது. "மாலாவிடம் 48 புளியங்கொட்டைகள் உள்ளன, இது கவிதாவிடம் இருப்பதை விட 12 அதிகம், கவிதாவிடம் எத்தனை உள்ளன?" என்று கேட்டுப் பாருங்கள். பட்டியலை நம்பும் பிள்ளை தயங்காமல் 60 என்று சொல்லும். சரியான விடை 36. வினா தயாரிப்பவருக்கும் இந்தப் பழக்கம் தெரியும் என்பதால், கொடுக்கப்படும் நான்கு விடைகளில் 60 பெரும்பாலும் ஒன்றாக இருக்கும்.

அப்படியானால் எந்தச் சொல்லைப் பார்ப்பது? என் அனுபவத்தில், தமிழில் எழுதப்பட்ட கணக்கின் உயிர் 'அதிகம்', 'மீதி' போன்ற பெரிய சொற்களில் இல்லை. அவற்றுக்கு முன்னால் ஒட்டிக்கொண்டிருக்கும் சிறிய உருபுகளில் இருக்கிறது. தமிழ் வகுப்பில் வேற்றுமை உருபு என்று படிக்கிறார்களே, அதையும் அதனோடு வரும் 'விட' போன்ற சொற்களையும்தான் சொல்கிறேன். ஆகவே ஒவ்வொரு எண்ணையும் கண்டவுடன் பிள்ளை மூன்று கேள்விகளில் பொருந்துவதைக் கேட்க வேண்டும்: எதை விட, எதில், எதற்கு? மேலே சொன்ன கணக்கில் 12 என்பது எதை விட அதிகம்? கவிதாவிடம் இருப்பதை விட. ஆகவே கவிதாவினுடையதே சிறியது. இதைச் சொல்லிவிட்ட பிறகு கூட்டலா கழித்தலா என்ற கேள்வியே எழுவதில்லை.

இவற்றில் 'எதில்' என்பதே நுழைவுத் தேர்வுகளில் மிகுதியான மதிப்பெண்களைப் பறிக்கிறது. ஒருவர் தம் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கை வாடகைக்கும், மீதியில் நான்கில் ஒரு பங்கைப் பள்ளிக் கட்டணத்துக்கும் கொடுத்த பின் அவரிடம் 9,000 ரூபாய் இருக்கிறது என்றால், சம்பளம் எவ்வளவு? மகளை ஒரு நீண்ட செவ்வகம் வரைந்து அதை மூன்று சம கட்டங்களாகப் பிரிக்கச் சொல்லுங்கள். ஒரு கட்டம் வாடகைக்குப் போயிற்று. நிற்பவை இரண்டு கட்டங்கள்; அவற்றில் நான்கில் ஒரு பங்கு என்பது அரைக் கட்டம். எஞ்சியது ஒன்றரைக் கட்டம், அதுவே 9,000. ஆகவே ஒரு கட்டம் 6,000. சம்பளம் 18,000 ரூபாய். இப்போது அதே கணக்கில் 'மீதியில்' என்பதை மட்டும் 'சம்பளத்தில்' என்று மாற்றுங்கள். மூன்றில் ஒன்றும் நான்கில் ஒன்றும் சேர்ந்தால் பன்னிரண்டில் ஏழு. எஞ்சுவது பன்னிரண்டில் ஐந்து. அது 9,000 என்றால் சம்பளம் 21,600. இரண்டும் முழு எண்களாகவே வருகின்றன என்பதால், தவறாகப் படித்த பிள்ளைக்குத் தான் தவறியது தெரியவே தெரியாது. இந்த இரண்டு கணக்குகளையும் ஒரே பக்கத்தில் அடுத்தடுத்து எழுதிச் செய்ய வைப்பது, ஒரே வகைக் கணக்குகள் இருபதைத் தனித்தனியாகச் செய்வதைக் காட்டிலும் பயன் தரும்.

இதே கணக்கைப் படம் இல்லாமலும் போடலாம். சம்பளத்தை 12 என்று வைத்துக்கொள்வோம். வாடகைக்கு 4 போனால் 8. அதில் கால் பங்கு 2 போனால் 6. உண்மையில் இருப்பது 9,000; அது 6ஐப் போல் 1,500 மடங்கு; ஆகவே சம்பளம் 12 × 1,500 = 18,000. இது புதிய குறுக்கு வழி என்று சிலர் விளம்பரம் செய்கிறார்கள். உண்மையில் மிகப் பழையது. 12ஆம் நூற்றாண்டில் பாஸ்கரர் எழுதிய லீலாவதியில் இந்த முறைக்கு ஒரு தாமரைக் கணக்கு இருக்கிறது: மலர்களில் மூன்றில் ஒரு பங்கு சிவனுக்கும், ஐந்தில் ஒரு பங்கு திருமாலுக்கும், ஆறில் ஒரு பங்கு கதிரவனுக்கும், நான்கில் ஒரு பங்கு தேவிக்கும் போக, எஞ்சிய 6 மலர்கள் குருவுக்கு. மொத்தம் 60 என்று கொண்டால் 20, 12, 10, 15 போக 3 மிஞ்சும். மிஞ்ச வேண்டியது 6. ஆகவே மலர்கள் 120. ஆனால் இந்த முறைக்கு ஒரு வரம்பு உண்டு, அதைச் சொல்லாமல் முறையை மட்டும் கற்பிப்பது தவறு. கணக்கில் எல்லாமே பங்குகளாக இருக்கும்போதுதான் இது செல்லும். "நான்கில் ஒரு பங்கும் அதோடு 500 ரூபாயும்" என்று இடையில் ஒரு தனித்தொகை வந்துவிட்டால் நேராகப் பொருந்தாது. அப்போது கட்டப் படமோ சமன்பாடோதான் கைகொடுக்கும்.

சதவீதக் கணக்குகளில் 'எதில்' என்பது பெரும்பாலும் எழுதப்படுவதே இல்லை. வழக்கத்தை வைத்து நாமே நிரப்பிக்கொள்ள வேண்டும். இலாபமும் நட்டமும் அடக்க விலையில், தள்ளுபடி குறித்த விலையில், வட்டி அசலில். "ஒரு பொருளை 690 ரூபாய்க்கு விற்றதில் 15% இலாபம் கிடைத்தது, அடக்க விலை என்ன?" என்று வந்தால், 690இல் 15% கண்டு கழித்து 586.50 என்று எழுதும் பிள்ளைகளே அதிகம். 15% என்பது இன்னும் தெரியாத அடக்க விலையில் 15%. அடக்க விலை 100 பங்கு என்றால் விற்ற விலை 115 பங்கு. 115 பங்கு 690 ரூபாய் என்றால் ஒரு பங்கு 6 ரூபாய். அடக்க விலை 600. விலையை 20% ஏற்றிப் பிறகு 20% தள்ளுபடி தந்தால் கணக்கு நேராகிவிடும் என்று நம்புவதும் இதே பிழைதான். 500 ரூபாய்ப் பொருள் 600 ஆகிறது. 600இல் 20% என்பது 120. விற்ற விலை 480. கடைக்காரருக்கு 4% நட்டம்.

'எதற்கு' என்பது வீதங்களின் கேள்வி: மணிக்கு 60 கிலோமீட்டர், ஆளுக்கு 3 பழம், நூற்றுக்கு 15, ஆண்டுக்கு 8%. இங்கே தனியாகக் கவனிக்க வேண்டியது சராசரி வேகம். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் போய், அதே வழியில் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் திரும்பினால் சராசரி 50 அன்று. தொலைவை 120 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால், போக 3 மணி, வர 2 மணி, 5 மணியில் 240 கிலோமீட்டர், சராசரி 48. மெதுவாகப் போகும் பயணம் அதிக நேரம் பிடிக்கிறது, ஆகவே சராசரி அதன் பக்கம் சாய்கிறது என்பதைப் பிள்ளை தன் வாயால் சொல்ல வேண்டும். இரயில் கணக்குகளில் அலகு மாற்றமே பாதி வேலை: மணிக்கு 72 கிலோமீட்டர் என்பது நொடிக்கு 20 மீட்டர், 150 மீட்டர் நீள இரயில் 250 மீட்டர் நடைமேடையைக் கடக்க 400 மீட்டர் ஓட வேண்டும், 20 நொடிகள்.

ஆட்களும் வேலையும் பற்றிய கணக்குகளுக்கு நம் ஊர்ப் பேச்சிலேயே விடை இருக்கிறது. "இந்த வேலைக்கு எத்தனை ஆள் பிடிக்கும்?" என்று கேட்கும் கொத்தனார் ஆள்-நாள் கணக்கைத்தான் போடுகிறார். 12 பேர் 10 நாளில் முடிக்கும் வேலை 120 ஆள்-நாள் வேலை. 15 பேர் வந்தால் 8 நாள். ஒருவர் 20 நாளிலும் மற்றவர் 30 நாளிலும் முடிக்கும் வேலையை இருவரும் சேர்ந்து எத்தனை நாளில் முடிப்பார்கள் என்றால், பின்னங்களோடு மல்லுக்கட்டாமல், வேலையை 20, 30 ஆகியவற்றின் மீச்சிறு பொது மடங்கான (மீ.சி.ம.) 60 பங்குகளாக வைத்துக்கொள்ளலாம். முதலாமவர் நாளொன்றுக்கு 3 பங்கு, இரண்டாமவர் 2 பங்கு, சேர்ந்து 5 பங்கு, 12 நாள். 10 வயதுப் பிள்ளைக்கு இது பின்னக் கூட்டலை விட வெளிச்சமாக இருக்கும்.

மீ.சி.ம. என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. 84 மாம்பழங்களையும் 120 எலுமிச்சைகளையும் கலக்காமல், எல்லாப் பெட்டிகளிலும் ஒரே எண்ணிக்கை வருமாறு அடுக்க, மிகக் குறைந்தது எத்தனை பெட்டிகள் தேவை? 'மிகக் குறைந்தது' என்று இருப்பதால் மீ.சி.ம. என்று பாய்வார்கள். பெட்டி குறைய வேண்டுமானால் பெட்டிக்குள் இருப்பது கூட வேண்டும். ஆகவே வேண்டியது மீப்பெரு பொதுக் காரணி. அது 12, பெட்டிகள் 7ம் 10ம் சேர்ந்து 17.

இனி மகனுக்கு. 9ஆம் வகுப்புத் தேர்வில் இயற்கணிதம் வருகிறது. அத்துடன் அந்தத் தேர்வு ஆங்கிலத்தில் மட்டுமே நடக்கிறது. (6ஆம் வகுப்புத் தேர்வை மகள் தமிழிலேயே எழுதலாம்.) தமிழ்வழியில் படிக்கும் பிள்ளைக்கு இது இரட்டைச் சுமை என்றாலும், சுமை எங்கே என்று தெரிந்தால் குறைத்துக்கொள்ளலாம். தமிழில் "ஓர் எண்ணை விட 5 குறைவு" என்று சொல்கிறோம். எண் முதலில் வருகிறது, 5 பிறகு வருகிறது. அப்படியே 'க − 5' என்று எழுதிவிடலாம். ஆங்கிலத்தில் "ஃபைவ் லெஸ் தேன் எ நம்பர்" என்று 5 முன்னால் வந்து நிற்பதால், வரிசையைப் பார்த்தே எழுதும் பிள்ளை '5 − க' என்று எழுதிவிடுகிறது. "சப்ட்ராக்ட் செவன் ஃப்ரம் ஃபிஃப்டீன்" என்பதும் அப்படியே. தமிழில் "15இலிருந்து 7ஐக் கழி". ஆகவே அவர் ஆங்கில வினாவைப் படித்ததும் அதை மனத்துக்குள் தமிழில் ஒருமுறை சொல்லிப் பார்த்து, அந்தத் தமிழ் வரியைச் சமன்பாடாக்கட்டும். மொழிபெயர்ப்பதால் நேரம் வீணாகும் என்று அஞ்ச வேண்டாம். இரண்டு மாதப் பயிற்சியில் அது ஓரிரு நொடி வேலையாகிவிடும். (பாடநூலில் எக்ஸ், ஒய் என்று எழுதுவார்கள், நான் தமிழ் எழுத்துகளை எழுதுகிறேன், கணக்குக்கு எந்த எழுத்தும் ஒன்றே.)

எழுத்தைப் பற்றி வேறொரு குழப்பம் இருக்கிறது; அது பெரியவர்களையும் விடுவதில்லை. ஒரு பள்ளியில் ஓர் ஆசிரியருக்கு 25 மாணவர் வீதம் இருக்கிறார்கள்; 'ம' மாணவர் எண்ணிக்கை, 'ஆ' ஆசிரியர் எண்ணிக்கை; சமன்பாடு எழுதுக என்றால், பலர் 25ம = ஆ என்று எழுதுகிறார்கள். "25 மாணவர், ஓர் ஆசிரியர்" என்று வாயில் வந்த வரிசை அப்படியே தாளில் இறங்கிவிடுகிறது. 'ம' என்பது மாணவர் என்ற சொல்லின் சுருக்கம் அன்று. அது ஓர் எண். 'ஆ'வுக்கு 1 என்று போட்டுப் பார்த்தால் 'ம' 25 ஆக வேண்டும்; அதைத் தருவது ம = 25ஆ மட்டுமே. ஆகவே சமன்பாட்டைத் தீர்க்கத் தொடங்குமுன், "இந்த எழுத்து இன்னதன் எண்ணிக்கை" அல்லது "இன்னாரின் வயது, ஆண்டுகளில்" என்று ஒரு முழு வரி எழுதும் பழக்கத்தை அவரிடம் உண்டாக்குங்கள். 'ம = மகன்' என்று எழுதினால் அடித்துவிட்டு 'ம = மகனின் இப்போதைய வயது' என்று எழுதச் சொல்லுங்கள். 'இப்போதைய' என்ற சொல் அங்கே இருந்தே ஆக வேண்டும்.

காரணம், வயதுக் கணக்குகளில் பிழை காலத்தில்தான் வருகிறது. தந்தைக்கு 38 வயது, மகனுக்கு 8. எத்தனை ஆண்டுகள் கழித்துத் தந்தையின் வயது மகனின் வயதைப் போல் 3 மடங்காகும்? 'ண' ஆண்டுகள் என்றால் 38 + ண = 3(8 + ண). இடப்பக்கத்தில் ஆண்டுகளைக் கூட்டிவிட்டு வலப்பக்கத்தில் மகனை 8 வயதிலேயே நிறுத்திவிடுவது வழக்கமான தவறு. விரித்தால் 38 + ண = 24 + 3ண; ண = 7. தந்தைக்கு 45, மகனுக்கு 15, சரி. இதையே மகளுக்குச் சமன்பாடு இல்லாமல் சொல்லலாம்: இருவருக்கும் இடையே உள்ள 30 ஆண்டு வேறுபாடு என்றும் மாறாது, தந்தை 3 மடங்கு ஆகும் நாளில் அந்த வேறுபாடு மகனின் வயதைப் போல் 2 மடங்கு, ஆகவே மகனுக்கு அன்று 15. எனக்கு இந்த இரண்டாம் வழியே பிடிக்கும். ஆனால் மகன் இரண்டையும் தெரிந்து வைத்திருக்கட்டும். கணக்குச் சற்றுச் சிக்கலானால் முதல் வழி தவறாமல் கொண்டு சேர்க்கும்.

இரண்டு தெரியாத எண்கள் வரும் கணக்குகளிலும் இப்படி இரு வழிகள் உண்டு. ஆடுகளும் கோழிகளும் சேர்ந்து 30 தலைகள், 86 கால்கள் என்றால், எல்லாமே கோழி என்று கொண்டால் 60 கால்கள், மிகுதி 26, ஒரு கோழியை ஆடாக மாற்றினால் 2 கால் கூடும், ஆகவே ஆடுகள் 13, கோழிகள் 17. 3 பேனாவும் 2 நோட்டும் 85 ரூபாய், 2 பேனாவும் 3 நோட்டும் 90 ரூபாய் என்று எண்கள் இடம் மாறி வந்தால், நீக்கல் முறைக்குப் பெருக்கிக்கொண்டு போகாமல் இரண்டையும் கூட்டினால் 5 பேனா 5 நோட்டு 175, அதாவது ஒரு பேனாவும் ஒரு நோட்டும் 35. ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் நோட்டு பேனாவை விட 5 ரூபாய் அதிகம். நோட்டு 20, பேனா 15.

விடைகள் நான்கு கொடுக்கப்பட்டிருப்பதால் ஒவ்வொன்றையும் வினாவில் வைத்துப் பார்த்து விடை காணலாமே என்று கேட்பீர்கள். தேர்வறையில் தாராளமாகச் செய்யலாம். வயதுக் கணக்குகளுக்கு அது மிக விரைவான வழியும்கூட. ஆனால் வீட்டில் பயிற்சி செய்யும்போது விடைகளை ஒரு தாளால் மறைத்துவிடுங்கள். விடைகளைப் பார்த்துக்கொண்டே பழகிய பிள்ளை, மேலே சொன்ன 60ஐயும் 21,600ஐயும் பட்டியலில் கண்டதும் தன் விடையே சரி என்று உறுதிப்பட்டதாக எண்ணி அடுத்த வினாவுக்குப் போய்விடும். தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பு இல்லாததால், கடைசி நிமிடங்களில் எந்த வினாவையும் வெற்றாக விடக் கூடாது என்பதையும் இருவருக்கும் சொல்லி வையுங்கள்.

நேரத்தைப் பற்றி இப்போதே அவசரப்படுத்த வேண்டாம் என்பது என் கருத்து. மகளுக்கு 150 நிமிடங்களில் 125 வினாக்கள். சராசரியாக வினாவுக்கு 72 நொடிகள். கடிகாரத்தை வைத்துப் பயிற்சி செய்வது தேர்வுக்கு முந்தைய ஆறு, ஏழு வாரங்களுக்குப் போதும். அதுவரை நாளுக்கு ஐந்து கணக்குகள் மட்டும் கொடுங்கள். முதலில் பேனாவைத் தொடாமல் கணக்கைப் படித்து, எண்கள் எதையும் சொல்லாமல் கதையை உங்களிடம் சொல்லட்டும்: "ஒருவர் சம்பளத்தில் கொஞ்சம் வாடகைக்குக் கொடுத்தார், மீதியில் கொஞ்சம் பள்ளிக்குக் கொடுத்தார், கையில் இருப்பது தெரியும், சம்பளம் தெரியாது." இவ்வளவு சொல்லத் தெரிந்த பிறகு எண்களைச் சேர்க்கட்டும். வாரத்துக்கு ஒரு நாள் இதைத் தலைகீழாகச் செய்யுங்கள்: 15 × 4 − 10 = 50 என்று எழுதிக் கொடுத்து, இதற்கு ஒரு கணக்கை அவளே எழுதட்டும். "ஒரு பேனா 15 ரூபாய் வீதம் 4 பேனா வாங்கினேன், கடைக்காரர் 10 ரூபாய் குறைத்தார்" என்று எழுதினால் நன்று. அடுத்த வாரம் 15 × (4 − 1) = 45 என்று கொடுத்து, அந்த அடைப்புக்குறி கதையில் எங்கே வருகிறது என்று கேளுங்கள்.